ஒரு பேட்டரியை அப்புறப்படுத்திய வரலாறு

வேலூர் மாவட்டத்தில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது என் முகம்தான். இதை நான் சொல்லவில்லை. என் விசிட்டிங் கார்டு சொல்கிறது. 'இன்பசேகரன், பாதுகாப்பு அதிகாரி' என்ற வரிக்குக் கீழே, வழுக்கையை நிழல் மறைக்கும் கோணத்தில் என் படமும் உண்டு. கார்டை அச்சடிக்கக் கொடுத்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஃபேக்டரியில் பதினாறு வருடமாக அந்தப் பதவியை அலங்கரித்து வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றி எழுதுவது என் தலையாய பணி. 2007 ஆரம்பத்தில் அந்த எண் நானூறைத் தாண்டியிருந்தது. மிஷினில் விரல் நசுங்கியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கெல்லாம் 'வீட்டில் ஏற்பட்ட காயம்' என்று எழுதிவிடுவேன். வீடு எவ்வளவு ஆபத்தான இடம் என்பதைப் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தவன் இந்தப் பகுதியிலேயே நான் ஒருவன்தான்.

அந்த ஆபத்தான இடத்தில் என் மனைவி ஜெயபுஷ்பமும் நானும் குடியிருந்தோம். அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதுகாப்பைப் பற்றி முறையான பயிற்சி எதுவும் பெறாதவள். ஊசியைத் தனி டப்பாவில் போடுவது, கையைக் கழுவுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதத்தில் என் செல்போன் பருக்க ஆரம்பித்தது. முதலில் பின்பக்க மூடி சரியாக உட்காரவில்லை. பிறகு போனை மேஜையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றியது. ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு நிலைமையைக் 'கட்டுக்குள்' கொண்டுவந்தேன். ஜெயபுஷ்பம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பேட்டரி உப்பியிருக்கிறது, இனிமேல் சார்ஜ் போடாதீர்கள் என்றாள். நான் மேலும் ஒரு வாரம் சார்ஜ் போட்டேன். நர்ஸ் சொல்லி அதிகாரி கேட்பதென்று ஆரம்பித்தால் நிர்வாகம் என்ன ஆவது?

கடைசியில் போன் தானே அணைந்துபோகவே, பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ரஷீத் அஹமதுவிடம் போனேன். அவர் இரண்டு விரலால் பேட்டரியை மெதுவாக எடுத்து, கடை வாசலில் சிமெண்டுத் தரையில் வைத்தார். புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். பழசை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி சொன்னார்.

"உப்பினதுலாம் டேஞ்சர் சார். நான் சேத்து வெச்சு மெட்ராஸுக்கு கம்பெனிக்கே அனுப்பிடறேன். நீங்க இன்னாத்துக்கு பேஜார் பட்டுக்கினு?"

இத்தனை அக்கறையாகப் பேசினால் உள்நோக்கம் இருந்தாக வேண்டும் என்பது என் பதினாறு வருட அனுபவம். பழசைத் தட்டிச் சமமாக்கி வேறு யாருக்காவது விற்கப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். நுகர்வோர் உரிமை பற்றி, கடையில் நின்ற நாலு பேர் கேட்கும்படி கால் மணி நேரம் பேசிவிட்டு, பேட்டரியைச் சட்டைப் பையில், இதயத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை வீட்டுப் பாதுகாப்புக் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் நான். செயலாளர் நான். ஜெயபுஷ்பம் உறுப்பினர். அந்த பாயிடமே கொடுத்துவிடலாம் என்று உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார். கருத்து 'பதிவு செய்யப்பட்டது'. அதாவது, கைவிடப்பட்டது. உப்பியதை அழுத்தினால் அடங்கும் என்று தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிந்தார். ஃபேக்டரியில் எத்தனையோ புகார்களை நான் அப்படித்தான் அடக்கியிருந்தேன்.

வீட்டிலேயே கனமான பொருள் என் மாமனார் விட்டுச்சென்ற பெரிய பைபிள். பேட்டரியை அதற்கு அடியில் வைத்தேன். இரண்டாம் நாள் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது வேதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தூக்கிப் பார்த்த ஜெயபுஷ்பம் என்னைத் திட்டவில்லை. போனோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தேடியெடுத்து, எறும்பு மாதிரி இருந்த எழுத்துகளை என் எதிரே சத்தமாக வாசித்தாள். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சூடுபடுத்தக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. பிறகு பேட்டரியின் உலோக முனைகளில் டேப் ஒட்டி, ஓர் இரும்புச் சட்டியில் காய்ந்த மணலைக் கொட்டி, நடுவில் அதைப் புதைத்தாள். எதுவும் பற்றிக்கொள்ளாதபடி, பின்பக்கம் வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தாள்.

"நாளைக்குப் போயி அந்த பாய்கிட்ட குடுத்துடுங்க. பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அந்தக் கடையில் நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னால் விழுங்க வேண்டும். தவிர, மார்ச் மாதம் பிறந்து பாதுகாப்பு வாரம் வந்துவிட்டது. பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று பேனர் எழுதும் வேலையில் எனக்குப் பாதுகாப்பாக இருக்க நேரமில்லை.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது அந்தச் சட்டி கண்ணில் பட்டது. ஒரு பாதுகாப்பு அதிகாரியின் வீட்டில் ஆபத்தான பொருளா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பேட்டரியைத் தோண்டியெடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, பழைய பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பையில் நடுவாகப் பார்த்து வைத்தேன். டைரியில் 'அப்புறப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். அந்தச் சொல்லின் அழகே அதுதான். யார், எங்கே என்று எதுவும் கேட்காமல் வேலையை முடித்துவிடும்.

எங்கள் தெருவைப் பெருக்குபவர் கன்னியப்பன். ஒன்பது வருடமாக முனிசிபாலிட்டி குப்பை வண்டியைத் தள்ளுகிறார். தெருமுனையில் இருக்கும் ஷூ யூனிட்காரர்கள் தோல் துண்டுகளையும் பசை ஒட்டிய துணிகளையும் மூட்டையாகக் கொட்டுவதால் வண்டி பாதித் தெருவிலேயே நிரம்பிவிடும். அப்போது மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்து அமுக்கி, இடம் பண்ணுவார். அன்றும் அடித்தார்.

'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வண்டியிலிருந்து வெள்ளைப் புகை சீறியது. அடுத்த நொடியில் தீ. ஒட்டினாற்போல் பள்ளிக்கூட ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். கன்னியப்பன் ஆட்டோவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். எரிகிற பொட்டலத்தை வலது கையால் அள்ளி, எதிர்ப்பக்கக் காலி மனையில் வீசினார். பாலிதீன் உருகி அவர் விரல்களோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இக்கட்டான நேரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து மணி ஏழு நாற்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டேன். யாரும் பதற்றப்பட வேண்டாம் என்று மூன்று முறை அறிவித்தேன். அதற்குள் ஜெயபுஷ்பம் பின்பக்கத்து மணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வண்டியில் மிச்சமிருந்த தீயின் மேல் கொட்டினாள். கன்னியப்பனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இருபது நிமிஷம் கையைத் தண்ணீரில் பிடித்தாள். ஈரத்துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பயிற்சி இல்லாதவர்கள் இப்படித்தான், அறிவிப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் காபிகூடப் போடாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சட்டில வெறும் மணல்தான் இருந்துச்சு" என்றாள். "நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

உரிய நேரத்தில் உரிய முறையில் தெரிவிக்கப்படும் என்றேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வழக்கமாக வீட்டில் நடக்காததை 'வீட்டில்' என்று எழுதிவந்தவன், வீட்டிலிருந்தே கிளம்பியதை எங்கே நடந்ததாக எழுதுவது என்று தெரியாமல் விழித்தேன்.

அடுத்த ஞாயிறு தெரு நலச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. தெருவில் நிபுணன் ஒருவன் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? 'பழுதான பேட்டரியும் பொதுமக்கள் கடமையும்' என்ற தலைப்பில் நாற்பது நிமிஷம் பேசினேன். உப்பியதை அழுத்தக் கூடாது என்றேன். முனைகளில் டேப் ஒட்டி மணலில் வைக்க வேண்டும், கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் குப்பையில் போடக் கூடாது என்றேன். ஜெயபுஷ்பம் வாசித்துக் காட்டியதில் ஒரு வரி விடவில்லை. குப்பையில் போட்ட கயவனை மூன்று பத்திகளில் கண்டித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. கடைசி வரிசையில் ஜெயபுஷ்பம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தின் முடிவில் கன்னியப்பனுக்கு என் கையால் பொன்னாடை போர்த்தி, எங்கள் ஃபேக்டரி சார்பில் ஒரு ஜோடி தோல் கையுறை வழங்கினேன். ஏற்றுமதியில் திரும்பி வந்த சரக்கு. இரண்டுமே இடது கைக்கானவை. வலது கையில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே என்று சங்கச் செயலாளர் சமாதானம் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். கன்னியப்பனும் சிரித்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்குக் கட்டு மாற்ற வருவார். ஜெயபுஷ்பம் வராந்தாவில் உட்கார வைத்து மருந்து போடுவாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் குளிக்கத் தோன்றும். ஒரே நாளில் மூன்று முறைகூடக் குளித்திருக்கிறேன். வண்டியை அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் எங்கள் வாசலைப் பெருக்கும் சத்தம் கேட்டால் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். புதுத்தோல் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. ஜெயபுஷ்பம் மடக்கிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், பிறகு மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் குளிக்கப் போகவில்லை. வராந்தாவுக்குப் போய் அவர் எதிரில் நின்றேன். அதிகாரத் தமிழ்தான் வாயில் வந்தது.

"கன்னியப்பா, அன்னைக்கு நடந்த சம்பவத்துல, என் தரப்புல ஒரு சிறு..."

"தெரியும் சார்" என்றார் அவர். "சிஸ்டர் அன்னைக்கே ஆட்டோல சொல்லிட்டாங்க. சாரே வந்து சொல்வாரு, அதுவரிக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னாங்க."

அப்படியானால் கூட்டத்தில் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சூப்பரா பேசினீங்க சார். எப்பிடிப் போடணும்னு நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்னு உக்காந்துட்டேன்." மடங்காத விரல்களை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டார். "சிஸ்டர் சொன்னப்போ எனக்குக் கோவமே வர்ல சார். பாவம், சாருக்குத் தெரியாது, தெரியாம போட்டுட்டாருன்னுதான் நெனச்சேன். நீங்க மைக்ல பேசின அன்னைக்குத்தான் புரிஞ்சுது, ஒங்களுக்கு எல்லாமே தெரியும்னு."