துவாய் காட்டித் தோற்ற மட்ச்

பேச்சுக் குறைந்த மனுசன் மனேஜர் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

நான் எவ்வளவு பேசுவேன் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். தேவாலயத்தில் நடந்த என் கலியாணத்தில் சுவாமியார், "இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ளுகிறீரோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "வாயால் சொல்லும்" என்றார். இன்னொரு தரம் ஆட்டினேன். பின்னாலிருந்து மாமனார் இருமிய பிறகுதான் 'ஓம்' வந்தது.

இடம்பெயர்ந்து போயிருந்து, தொண்ணூற்றாறில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்தோம். அன்று தொட்டு ஏழு வருசம் ஊர்க் கழகத்துக்கு உதைபந்து விளையாடினேன். என் இடம் நடு மைதானம், பின்வரிசைக்குக் கொஞ்சம் முன்னால். வேலை ஒன்றுதான். எதிராளி வந்தால் பந்தை எடுக்க வேண்டும். பந்து கிடைக்காவிட்டால் ஆளை எடுக்க வேண்டும். ஏழு வருசத்தில் நான் அடித்தது ஒரே ஒரு கோல். (அதுவும் முதுகில் பட்டுப் போனது.) என்னைப் 'படலை' என்று கூப்பிட்டார்கள். வளவு வேலிக்குப் படலைக் கதவு எப்படியோ, எங்கள் கோலுக்கு நான் அப்படி. படலை பேசத் தேவையில்லை. மூடிக் கிடந்தால் சரி.

பிறகு முழங்கால் போனது. பரியாரி எண்ணெய் போட்டு உருவினார். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில். கடலுக்குப் போகலாம், பந்தடிக்க ஏலாது. ஒரு மாதம் மைதானப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து வலை பொத்தினேன். கிழியாத வலையையும் பொத்தினேன்.

ஒரு நாள் கழகச் செயலாளர் சூசை அண்ணை வீட்டுக்கு வந்தார்.

"படலை, மனேஜர் வேலை செய்யிறீரோ?"

தலையாட்டினேன்.

"வாற ஞாயிறு பைனல். அனலைதீவோட. வெண்டால் பெடியள் யாழ்ப்பாணம் போய் விளையாடலாம், நீரும் மனேஜராய் இரும். தோத்தால் யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு விளையாட்டு மாஸ்டரைப் பிடிப்பம். கோவிக்கக் கூடாது."

அதற்கும் ஆட்டினேன். கோட்டுக்கு உள்ளே இனி எனக்கு இடமில்லை. வெளியேயாவது நிற்க வேண்டும். அதற்கு இந்த ஒரு மட்ச்தான் வழி.

அது சோழகக் காற்று வீசும் காலம். மைதானம் கடற்கரையில். காற்றுக்கு எதிரே கத்தினால் சத்தம் நம் காதுக்கே திரும்பி வரும். என் சத்தம் காற்றில்லாத நாளிலேயே குசினி வரைக்கும் போகாது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தேன். என்னைப் போல மூளைக்காரன் தீவுப்பகுதியில் இல்லையென்று நினைத்தேன்.

கரைவலை இழுக்கும்போது கரையில் இரண்டு கூட்டம் நின்று வலையின் இரு பக்கக் கயிற்றையும் இழுக்கும். வெளியே வள்ளத்தில் ஒருவர் நிற்பார். அவர் கத்தினால் கரைக்குக் கேளாது. அதனால் துணியைக் காட்டுவார். வலப்பக்கம் வீசினால் வலங்கயிற்றை வேகமாய் இழு. இடப்பக்கம் வீசினால் இடங்கயிறு. தலைக்கு மேல் சுழற்றினால் கயிற்றை வெளியே விடு. கீழே அமுக்கி ஆட்டினால் எல்லாரும் கரைக்கு இழு.

எங்கள் பெடியள் பதினொரு பேரும் கடல் தொழில் செய்கிறவர்கள். புதிதாய்ப் படிப்பிக்க ஒன்றுமில்லை. வலம், இடம் என்றால் பந்து போக வேண்டிய பக்கம். சுழற்றினால் எல்லாரும் முன்னுக்கு. அமுக்கினால் எல்லாரும் பின்னுக்கு. ஒரே பின்னேரத்தில் பழகிவிட்டார்கள்.

"அண்ணை, இது ஒருத்தருக்கும் விளங்காது" என்றான் கோல் காக்கிற அன்ரன்.

நானும் ரகசியத்தைக் காத்தேன். மனைவி றீற்றாவுக்குக்கூடச் சொல்லவில்லை. (அவள் அனலைதீவுக்காரி. ஆபத்து.)

ஞாயிற்றுக்கிழமை அனலைதீவிலிருந்து இரண்டு வள்ளம் நிறைய ஆட்கள் வந்தார்கள். என் மாமனாரும் வந்தார். எனக்கு நேர் எதிர்ப்பக்கம், கோட்டோரமாய், ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். நான் சைகை காட்டப் புது வெள்ளைத் துவாய்த் துண்டோடு நின்றேன்.

மட்ச் தொடங்கியது. இடப்பக்கம் வீசினேன். எங்கள் பெடியள் பந்தைத் திருப்ப முன்னமே அனலைதீவுக்காரர் நாலு பேர் அங்கே நின்றார்கள். தற்செயல் என்று நினைத்தேன். வலப்பக்கம் வீசினேன். அங்கேயும் நாலு பேர். கீழே அமுக்கினேன். அவர்களுடைய பின்வரிசைக்காரன் ஒருவன் ஆறுதலாய் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்துச் சத்தம் காற்றோடு வந்தது. மாமாவின் குரல்.

"இடங்கயிறு இழுக்கச் சொல்லுறார்! அங்கால ஓடுங்கோடா!"

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"இப்ப எல்லாரையும் கரைக்கு இழுக்கிறார். நீங்கள் பயப்பிடாமல் ஏறுங்கோ!"

அனலைதீவுக்காரரும் கரைவலை இழுக்கிறவர்கள்தான். அதை மறந்துபோனேன். அதைக்கூட விடலாம். அந்தச் சைகைகளை எனக்குக் காட்டித் தந்ததே மாமாதான். கலியாணம் முடித்த புதிதில் இரண்டு மாதம் அனலைதீவுக் கரையில் அவருடைய கயிற்றை இழுத்தவன் நான். அவர் வள்ளத்தில் நின்று காட்டுவார். நான் கரையில் நின்று இழுப்பேன். மூன்று நாள் மூளையைக் கசக்கி நான் கண்டுபிடித்தது மாமாவின் துணியைத்தான்.

இடைவேளையில் இரண்டு கோல் பின்னால் நின்றோம். மாமா மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார்.

"மருமோன், துவாயைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியும். எங்கட பெடியளுக்கு வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது."

துவாயை மடித்துத் தோளில் போட்டேன்.

"கோவமோ?"

தலையை ஆட்டினேன். அது ஓமா, இல்லையா என்று எனக்கே தெரியாது.

சூசை அண்ணை தூரத்தில் நின்று யாழ்ப்பாணம் போகிற றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இப்போதே வருகிறாரோ என்று பார்க்கிற பார்வை.

பெடியளைக் கூப்பிட்டேன். மனேஜர் உத்தியோகத்தில் என் முதல் பேச்சைப் பேசினேன்.

"இனி மாறிச் செய்யுங்கோ."

"எதை அண்ணை?"

"எல்லாத்தையும்."

வலம் காட்டினால் இடம். இடம் காட்டினால் வலம். அமுக்கினால் முன்னுக்கு. சுழற்றினால் பின்னுக்கு.

வேலை செய்தது. வலப்பக்கம் வீசினேன். மாமா கத்த, அனலைதீவு முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. எங்கள் பெடியள் இடப்பக்கத்தால் போய்க் கோல் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. மாமா பெட்டியை விட்டு எழும்பிவிட்டார்.

"வலங்கயிறு எண்டுதானே காட்டினவர்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். நாற்பது வருசத் தொழிலில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சூசை அண்ணை என் தோளில் கை வைத்தார். நான் யாழ்ப்பாணத்துக்கு எந்தச் சேட் போடுவது என்று யோசித்தேன்.

கடைசி நிமிசம். அனலைதீவுக்காரன் ஒருவன் பந்தோடு நடுவால் வந்தான். என் பழைய இடத்தால். எல்லாரும் பின்னுக்கு வர வேண்டும். மாறிச் செய்கிறபடியால் நான் துவாயைச் சுழற்றியிருக்க வேண்டும். ஆனால் ஏழு வருசம் படலையாய் நின்றவன் நான். ஆள் உள்ளே வருவதைக் கண்டால் எனக்கு யோசனை நின்றுவிடும். குனிந்து, இரண்டு கையாலும் துவாயைப் பிடித்து, நிலத்தில் அடிக்கிற மாதிரி அமுக்கினேன்.

ஐந்து பேர் இடைவேளையில் சொன்னபடி முன்னுக்கு ஓடினார்கள். ஐந்து பேர் கடலில் பழகிய பழக்கத்தில் பின்னுக்கு ஓடினார்கள். நடுவில் முட்டுப்பட்டு விழுந்தார்கள். அன்ரன்தான் பாவம். சொல்வழி கேட்கிற பிள்ளை. எல்லாரும் முன்னுக்கு என்றால் தானும்தான் என்று கோலை விட்டுவிட்டு ஓடினான். பந்தோடு வந்தவனைத் தாண்டியும் ஓடினான். வந்தவன் நின்று, அன்ரன் எங்கே போகிறான் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு வெறுங் கோலுக்குள் நடந்துபோய்ப் பந்தை வைத்தான்.

"படலை திறந்து கிடக்கு!" என்று மாமா கத்தினார்.

சூசை அண்ணை என் கையைப் பிடித்தார்.

"மாஸ்டருக்கு எழுதிப் போடுறன், படலை."

தலையாட்டிவிட்டுக் கரைக்குப் போனேன். அனலைதீவு வள்ளங்களைத் தள்ளிவிட ஆள் வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினேன். (நோகிற முழங்கால்.) மாமா வள்ளத்தின் முன்பக்க அணியத்தில், வென்ற கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சிரித்துக்கொண்டு என் முழங்காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மருமோன், எங்கட கழகத்துக்கு மனேஜர் இல்லை. தெரியுமோ?"

நான் நிமிர்ந்தேன்.

"நீர் கதைக்கத் தேவையில்லை. நீர் காட்டுறது எங்கட பெடியளுக்கு விளங்குது. முதல் பாதியில உம்மட ஆக்களைவிட அவங்கள்தான் உம்மட சொல்லைக் கேட்டவங்கள். என்ன, வாறீரோ?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லும்."

"ஓம்."

அந்தக் கிழமையே அனலைதீவுக்குப் போனேன். சண்டை திரும்பத் தொடங்கிக் கடற்பாதையை மூடும் வரைக்கும் நான்தான் அவர்களுடைய மனேஜர். யாழ்ப்பாணத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எதிர்த்து விளையாடியவர்கள் கரைவலையைக் கண்டதில்லை. என் துவாய் அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாலு கோலால் தோற்றோம். விளையாட்டில் மட்டும் தோற்றோம். எனக்குத் திருப்தியாக இருந்தது.

இப்போதும் வீட்டில் நான் தலைதான் ஆட்டுகிறேன். றீற்றா விடுவதில்லை.

"தேத்தண்ணி போடவோ?"

ஆட்டுவேன்.

"நேராவோ, மாறியோ?"

பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். போன வருசம் மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். சம்மதமோ என்று என்னைக் கேட்டார்கள். ஆட்டினேன். குசினிக்குள்ளிருந்து மூன்று குரல் ஒன்றாய் வந்தது. "நேராவோ, மாறியோ?" வந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு திகைத்துப்போய் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை முழுவதையும் றீற்றாதான் சொன்னாள். (எனக்கு ஏலாது.)

அவர்கள் போன பிறகு அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அது சரி, அண்டைக்குக் கோயில்ல சுவாமி கேட்க ரெண்டு தரம் ஆட்டினீங்களே. அது நேராவோ, மாறியோ?"

அதற்கு மட்டும் வாயால் சொன்னேன்.

"நேரா."