நான்காம் நம்பர்ப் பீப்பாய் குறித்து ஓரெஸ்ட் மாமாவுக்கு

வளைகரை ஏரி முகாம்,
ஜூன் 3, வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய ஓரெஸ்ட் மாமாவுக்கு, ஸ்டெஃபா வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் தோழிகள் நோரீனும் உல்லாவும் சுகம். நோரீனின் இடது காலணி மட்டும் சுகமில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது. மருத்துவமனைச் சூப்பைத் திட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்று மாமி சொன்னார். புது இடுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஒப்படைத்த காரியத்துக்கு வருகிறேன். இந்த முகாமையும் ஏரியையும் கரடி வேட்டைக்காகத் தீனி வைக்கும் எட்டுப் பீப்பாய்களையும் உங்கள் வழிகாட்டி க்ளெம் மோரின் பெயருக்கு எழுதிக்கொடுக்கலாமா, ஒன்பது வருடமாக உழைக்கும் அந்த மனிதர் அதற்குத் தகுதியானவரா என்று, உங்கள் சகோதரி மகள் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரண விருந்தாளியாக வந்து பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்களைக் கீழே தருகிறேன்.

முதலாவது, ஏரியில் வந்து இறங்கும் மிதவை விமானத்திலிருந்து இறங்கிய நிமிடமே அந்த ஆள் என்னைக் கூர்ந்து பார்த்தார். "மேடம், உங்க மூக்கை எங்கயோ பாத்திருக்கேனே?" என்றார். உங்கள் மூக்கேதான் எனக்கும் என்பதை மறந்து, என் பெயர் திருமதி ப்ரவுன் என்றேன். "நல்ல பேரு," என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காத மனிதரை நான் நம்புவதில்லை. அன்று சாயங்காலமே கேமராப் படங்களைக் காட்டினார். எந்தப் பீப்பாய்க்கு எந்தக் கரடி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஏழு பீப்பாய்களுக்கும் படம் இருந்தது. நான்காவதுக்கு இல்லை. "அங்க கேமரா கெட்டுப்போச்சு. அந்தப் பக்கம் ஒண்ணும் வராது, நீங்களும் போகவேண்டாம்," என்றார். இருபத்திரண்டு வருடமாக மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், மாமா. எட்டு மண் மாதிரிகளில் ஒன்று காணாமல் போனால், கோளாறு அந்த ஒன்றில்தான் இருக்கும்.

அப்புறம் அவருடைய சட்டங்கள். கரடிக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டிய பரணில் பேசக் கூடாது, இருமக் கூடாது, வாசனை எதுவும் பூசக் கூடாது. இதெல்லாம் சரி. ஆனால் கரடி வந்தபின்னும் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தொடலாமாம். "பத்து நிமிஷத்துல அது தின்னுட்டுப் போயிடாதா?" என்று உல்லா கேட்டாள். "போனாப் போகட்டும், நாளைக்கும் பசிக்கும்ல," என்றார். வந்தவர்கள் சுடாமல் திரும்பினால் கரடிகள் மிச்சம், அடுத்த வருடமும் அதே கரடிகளைப் படம் காட்டிக் கூட்டம் சேர்க்கலாம். என் கணக்கு அப்படித்தான் ஓடியது.

செவ்வாய்க்கிழமை நோரீன் இரண்டாம் நம்பர்ப் பரணில் உட்கார்ந்தாள். அவள் கைக்கு எதுவும் பூசவில்லை என்று சத்தியம் செய்தாள். காலுக்குப் பூசியதைச் சொல்லவில்லை. வெனிலா க்ரீம். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அப்போது எலிதான் வந்தது. இங்கே வந்த கரடி, டோனட்டும் ஓட்ஸும் சர்க்கரைப்பாகும் நிரம்பிய பீப்பாயை ஒரு முறை முகர்ந்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்து, ஏணியில் ஏறத் தொடங்கியது. வயர்லெஸ்ஸில் நோரீன் கத்தியதை மற்ற பரண்களில் இருந்த நாங்களும் கேட்டோம்.

"க்ளெம்! ஏறுது! ஏறுது!"

"எத்தனாவது படி?"

"நான் என்ன எண்ணிட்டா இருக்கேன்? அஞ்சு! ஆறு!"

"காலணியக் கழட்டிக் கீழ போடுங்க மேடம்."

"இது புதுசு!"

"காலும் புதுசா?"

போட்டாள். கரடி காலணியைக் கவ்விக்கொண்டு கௌரவமாக நடந்து போனது. ஒரு கரடி எதைக் கொடுத்தால் இறங்கும் என்று அத்தனை நிதானமாகச் சொல்லும் ஆளுக்கு, அந்தக் கரடியோடு முன்பே பழக்கம் இல்லை என்று எப்படி நம்புவது? உல்லாவிடம் கேட்டேன். "உனக்கு உன் புருஷன் மேலயே சந்தேகம், கரடி மேல வராதா?" என்றாள். அவளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று குறித்துக்கொண்டேன்.

டோனட் விஷயம் இதைவிட மோசம். ஊர் பேக்கரியின் பழைய டோனட் பெட்டி பெட்டியாக வருகிறது. திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எண்ணினேன், காலையில் எண்ணினேன். பெட்டிக்கு ஏழு குறைந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் மீன் வறுவலும் பானக் எனும் வாணலி ரொட்டியும் சாப்பிடும்போது, க்ளெம் ஒரு வாளி நிறைய டோனட்டோடு தனியாகக் காட்டுக்குள் போனார். மற்ற பீப்பாய்களுக்குப் போவது மத்தியானம்தான். காலை வாளி யாருக்கு?

புதன்கிழமை அவர் திரும்பி வந்த பிறகு அவருடைய காலடித் தடத்தைப் பிடித்து நான் போனேன். வழிகாட்டி இல்லாமல் விருந்தாளி போகக் கூடாது என்பது விதி. நான் விருந்தாளி இல்லை, உங்கள் கண். துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன், சுடுவதற்கான உரிமச் சீட்டும் பையில் இருந்தது. தடம் நேராக நான்காம் நம்பர்ப் பீப்பாய்க்குப் போனது. ஒன்றும் வராது என்றாரே அதே இடம். இருபது கஜத்தில், பக்கவாட்டில், மாமா, கரி பூசிய சோபாவைப் போல ஒரு கரடி நின்றது. என் வாழ்நாளில் அத்தனை பெரியதைப் பார்த்ததில்லை. துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். விரல் கூட வைத்துவிட்டேன். ஆனால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகவா ஒரு கரடி கிடைக்கும்? அது டோனட்டைத் தின்னவில்லை. ஓடவும் இல்லை. பல்லைக் கடகடவென்று தட்டியது, பக்கத்து ஊசியிலை மரத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தது. பெரிய மனிதர் யாராவது வந்தால் சுடவைப்பதற்காக க்ளெம் பழக்கி நிறுத்தியிருக்கும் வளர்ப்புக் கரடி என்று முடிவு செய்தேன். வளர்ப்பு மிருகத்தைச் சுட எனக்கு மனம் வரவில்லை. பதினோரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகவே அடி வைத்து வந்துவிட்டேன்.

படகுத்துறையில் க்ளெம் நின்றார். என் தோளில் துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க போனீங்க?"

"நாலுக்கு."

"சுட்டீங்களா?"

"இல்ல."

"எதையாவது பாத்தீங்களா?"

"பார்த்தேன். எனக்குப் பிடிக்கல."

அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் அதிகமாக வைத்தார். தப்பு செய்தவர்தான் லஞ்சம் கொடுப்பார்.

ஆகவே என் தீர்மானம்: இவர் எதையோ மறைக்கிறார். முகாமை இவரிடம் ஒப்படைக்க வேண்டாம். மாமிக்கு என் அன்பு. இடுப்பை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் வீட்டு உருளைக்கிழங்குச் செடிகள் தழைக்கட்டும், சூப்பில் உப்பு சேரட்டும்.

தங்கள் மருமகள்,
ஸ்டெஃபா

பின்குறிப்பு: நாளை வரும் விமானத்தில் அனுப்பச் சொல்லி க்ளெமும் ஒரு உறையை என்னிடம் கொடுத்தார். உங்கள் பெயருக்கு. அது கொதிக்கும் கெட்டிலுக்கு அருகில் தானாகத் திறந்துகொண்டது. கெட்டில் அவருடையது என்பதால் பொறுப்பும் அவருடையதே. அதிலிருந்து உள்ளபடி தருகிறேன்:

"ஐயா, உங்க மருமக எப்படின்னு பாத்துச் சொல்லச் சொன்னீங்க. மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் எண்றாங்க. என் டோனட்டக்கூட. நாலாம் நம்பர்ல இந்த வருஷம் ஒரு பெரிய பெட்டை, ரெண்டு குட்டி. மத்த பரண் பக்கம் வந்துடக் கூடாதுன்னு அதுக்குத் தனியா தீனி வச்சு அங்கயே நிறுத்தி வச்சிருக்கேன். சொன்னா யாராச்சும் போட்டோ எடுக்கப் போவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. இவங்க தனியா போயிட்டாங்க. குட்டிங்க மரத்து மேல இருந்திருக்கு, இவங்க பாக்கல. கூட குட்டி இருக்கான்னு பாக்கத்தான் அந்தப் பத்து நிமிஷச் சட்டமே. ஒன்பது வருஷத்துல நான் கூட்டிட்டு வந்த எவனும் அந்த இடத்துல சுடாம இருந்திருக்க மாட்டான். இவங்க சந்தேகப்பட்டுச் சுடாம வந்துட்டாங்க. முகாம் உங்க குடும்பத்துலயே இருக்கட்டும், இவங்க பேருக்கு எழுதுங்க. நான் எப்பவும்போல வேலை பாக்கறேன்."

ஆக, நான் அவரை எடை போட வந்தேன், நீங்கள் எங்கள் இருவரையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். அது பற்றி நேரில் பேசுவோம். மேலே 'போடாதீர்கள்' என்று எழுதியிருப்பதைப் 'போடுங்கள்' என்று படிக்கவும். அவர் பெயருக்கே. குட்டிகளை நினைத்து என் துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன்.

பெட்டிக்கு ஏழு டோனட் உல்லா தின்றது. ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஆனால் கைக்கு வரும் முகாமை வேண்டாம் என்று எழுதும் அளவுக்கு ஒரு மனிதர் நல்லவராக இருக்க முடியுமா என்பது எனக்குப் பெரிய சந்தேகமாக இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ள இலையுதிர்காலம் வரை இங்கேயே இருக்கப் போகிறேன். என் கம்பளி உடுப்புகளை அனுப்பவும். நோரீனுக்கு ஒரு இடது காலணியும்.