நகரும் கறை

"உங்க அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலையே?" என்றார் பூகோள வாத்தியார், போனில், தாழ்ந்த குரலில்.

"எதை?" என்றாள் அலுவலகத்திலிருந்த மனைவி.

"கறையை."

கூடத்தின் மரத்தரையை வாத்தியாரே இழைத்து, வாத்தியாரே பாலீஷ் போட்டிருந்தார். மனைவியின் அண்ணன் தச்சர். "மாப்பிள்ளை தொட்டா பிளைவுட்கூட அழும்" என்று அவர் சொன்னதால் வந்த ரோஷம். நேற்று மாலை கடைசிப் பூச்சு. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, தெற்குப் பார்த்த கண்ணாடிக் கதவில் 'பாலீஷ் காய்கிறது, உள்ளே வராதீர்கள்' என்று பெரிய தாளில் எழுதி ஒட்டினார்.

காலையில் தரை காய்ந்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. பத்து மணிக்கு வந்தால், சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

ஐந்து மணிக்குத் தச்சர் பார்வையிட வருகிறார். இன்றைக்குத் தோற்றால் ஆயுள் முழுக்க பிளைவுட் கதைதான்.

"கறை எப்படி இருக்கு?"

"நாலு மூலையோட இருக்கு."

"கறைக்கு ஏதுங்க மூலை?"

"அதான் எனக்கும் புரியல."

கதவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். குனிந்ததுமே கறை போய்விட்டது. இருந்தாலும் விடாமல் தேய்த்தார். எழுந்து, தள்ளி நின்று பார்த்தார். தேய்த்த இடம் வெளுத்திருந்தது. அதை ஒட்டியே கறை.

பதினோரு மணிக்கு அதையும் தேய்த்தார். பன்னிரண்டுக்குக் கை ஓய்ந்து சாப்பிடப் போனார். ஒரு மணிக்கு வந்தால், கறை இரண்டு பலகை தாண்டியிருந்தது.

தேய்த்துவிட்டு, உப்புத்தாள் வாங்கிய கடைக்குப் போன் செய்தார்.

"அண்ணே, கறை நடக்குமா?"

"மரத்துல ஈரம் இருந்தா பரவும் சார்."

"பரவல. பழைய இடத்துல இல்ல. புது இடத்துல இருக்கு."



"இன்னும் ரெண்டு டஜன் உப்புத்தாள் அனுப்பட்டுமா சார்?"

இரண்டு மணி வாக்கில் அது தானாகவே மறைந்தது. கூடம் மங்கலாக இருந்ததால் விளக்கைப் போட்டுப் பார்த்தார். இல்லை. நிம்மதியாக டீ போட்டுக் குடித்தார். திரும்பி வந்தால், கறையும் திரும்பி வந்திருந்தது. தேய்த்தார். மூன்று மணிக்கும் தேய்த்தார். நாலு மணிக்கு அழுகை வந்தது. அழாமல் தேய்த்தார்.

ஐந்து மணிக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். தரையில் வில்லாக வளைந்து ஆறு வெள்ளைத் திட்டுகள்.

"என்னங்க, தரைக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள் மனைவி.

"ஓடுதும்மா. பிடிக்கப் பிடிக்க ஓடுது." வாத்தியார் தச்சரிடம் திரும்பினார். "மச்சான், நான் தோத்துட்டேன். அந்தா பாருங்க, இப்பவும் செவுத்தோரமா நிக்குது."

தச்சர் சுவரோரம் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, திட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், நடுவில் இருந்த இடைவெளியில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, கதவுல நீங்க ஒட்டின தாளோட நிழலு பத்து மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் தரையில சரியா பதிஞ்சிருக்கு, பன்னெண்டை மட்டும் காணோம், சாப்பிடப் போயிட்டீங்களா?"