பதினோராவது சீர்த்தட்டு

என்னைப் போல முன்ஜாக்கிரதை உள்ள ஆளிடம் பணத்தைக் கொடுத்து வைக்கவே கூடாது.

முகப்பேரில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்ததைப் பிட்காயினில் போட்டிருந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து என்று படித்துவிட்டு இரண்டாகப் பிரித்தேன். கைச்செலவுக்குக் கொஞ்சம் போன் வாலெட்டில். மீதி முழுக்க, பென்டிரைவ் மாதிரி ஒரு தனிக் கருவியில். கருவி தொலைந்தாலும், அது முதலில் தந்த பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருந்தால் பணத்தை மீட்டுவிடலாம். வேறு யாராவது அவற்றைப் பார்த்தால் அவரும் எடுத்துக்கொள்ளலாம். காகிதம் நனையும், எரியும், அதனால் எஃகில் பொறித்து வை என்றார்கள். (எஃகு என்றதும் எனக்கு ஆவடி பாத்திரக்கடைதான் தோன்றியது. புத்தி அவ்வளவுதான்.)

கடையில் பேர் வெட்டுபவர் நான் நீட்டிய வார்த்தைச் சீட்டைப் பார்த்தார். "இன்னா சார், ஒரு பேருகூட நம்மூரு பேரா இல்லியே!"

"வெளிநாட்டுச் சொந்தம்ங்க. தட்டுக்கு உள்பக்கம் வெட்டுங்க, தேயக் கூடாது."

"உள்ள வெட்னா சோறு ஒட்டிக்கும் சார்."

தட்டைப் பரணில் பழைய பாத்திரங்களோடு வைத்தேன். திருடன் பீரோவைத்தானே உடைப்பான்? மனைவியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கோவில்பதாகையில் மச்சினிச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். வீட்டில் பத்துதான் இருந்தது. பரணிலிருந்து பதினொன்றாவதை மனைவி எடுத்துவிட்டாள். மண்டபத்தில்தான் அதைப் பார்த்தேன், லட்டு நிரம்பி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால். லட்டு மூடியிருக்கும்வரை பயமில்லை என்றிருந்தேன். அவர்களோ அங்கேயே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். லட்டு போகப் போக வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வீடியோக்காரர் வேறு விளக்கோடு நெருங்கினார்.

வைத்த சீரைத் திரும்பத் தூக்கினால் அபசகுனம் என்று சண்டையே வந்துவிடும். யாராவது எடுப்பதற்குள் நானே பணத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால், அந்த வார்த்தைகள் யாருக்கும் உதவாது. தட்டின் மேல் குனிந்து, லட்டை ஒதுக்கி ஒதுக்கி, வார்த்தைகளைப் போனில் அடித்து, பிரித்து வைத்ததையெல்லாம் மறுபடி போன் வாலெட்டுக்கே மாற்ற ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிட்டார். "இன்னா சம்மந்தி, எங்களுக்கு குட்த லட்ட எண்ணிகினு கீறீங்களா? போன்ல கணக்கு வேற போட்றாரு பாரு!"

மண்டபமே சிரித்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பணம் இன்னும் மாறி முடியவில்லை, உண்மையைச் சொல்ல வழியில்லை. "ஆமாங்க, நூத்தியொண்ணு இருக்கணும்" என்றேன்.

பணம் தப்பியது, ஃபிளாட்டும் வாங்கியாயிற்று. ஆனால் இன்றுவரை எந்த விசேஷத்திலும் இனிப்புத் தட்டு முதலில் என்னிடம்தான் வருகிறது. கொண்டு வருபவள் மச்சினிச்சி மகள்.

"எண்ணிட்டீங்களா பெரியப்பா? எல்லாருக்கும் குடுக்கலாமா?"