வேரோடு ஒரு முடி

வேரோடு கூடிய ஒரு தலைமுடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பழனியப்பன் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த தன் பிளாட்டை மூன்று நாளாகப் புரட்டிப் போட்டுவிட்டார். செத்துப்போன மனைவி சந்திரிகாவின் முடி ஒன்றுகூட அகப்படவில்லை.

முப்பத்தேழு வருஷமாகச் சாம்பாரிலிருந்து முகம் சுளித்து எடுத்துப் போட்ட முடிகளை நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

செத்தவர்களின் உயிரணுவை உறைய வைத்துக் காப்போம், சட்டம் இடம் கொடுக்கும் நாளில் அதே ஆளை மறுபடி பிறக்க வைப்போம் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இணையத்தில் வீடியோ போட்டிருந்தது. சந்திரிகா இருக்கும்போதே அதைப் பார்த்திருந்தார்; மூன்று மாதமாகத் தனியாகச் சோறு தின்கிற மனிதர், இப்போது நம்பிவிட்டார்.

கெப்பாலா பத்தாஸில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் மகள் ஷர்மினி போனில் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். இது நடக்கிற காரியம் இல்லை, நடந்தாலும் தப்பு, வருவது அம்மா இல்லை, அம்மா முகத்தோடு வேறொரு உயிர்.

"அதுவும் கைக்குழந்தையாத்தான் வரும்பா. உங்களுக்கு அறுபத்தெட்டு. யாரு பேம்பர்ஸ் மாத்துறது?"

"நான் மாத்துறேன்."

"வளந்து நீங்க யாருன்னு கேட்டா? புருஷன்னு சொல்வீங்களா, தாத்தான்னு சொல்வீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சோபா இடுக்கில் நீளமாக ஒன்று கிடைத்தது. கும்பிட்டுவிட்டு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: அது பூனை முடி. பூனை வேண்டுமானால் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை, உடனே செய்து தருகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அடுத்து, அலமாரியில் தொங்கிய சந்திரிகாவின் சுவெட்டர் கழுத்தில் ஒரு வெள்ளை முடி. உறையிலிட்டு அனுப்பினார். இந்த முறை வாழ்த்துக் கடிதமே வந்தது. முடி ஓர் ஆணுடையதாம். விண்ணப்பத்தில் இருந்த ஒரே ஆண் பெயர் பழனியப்பன் என்பதால், அவரையே நூறு வருஷத்துக்குப் பத்திரமாக உறைய வைத்துவிட்டார்களாம். ஒப்பந்தப்படி ரத்து செய்ய வழியில்லை.

கடிதத்தை மடித்துச் சந்திரிகாவின் படத்துக்குக் கீழே வைத்தார். இந்த ஒரு பிறவியையே சந்திரிகா இல்லாமல் எப்படி ஓட்டுவதென்று தெரியாத மனிதருக்கு, இப்போது இன்னொன்றும் காத்திருந்தது. அதிலும் தனியாக.

கடைசியாகக் கீழ்வீட்டுக் குணவதியிடம் போனார். சந்திரிகா படுக்கையில் கிடந்த நாட்களில் தலைவாரிவிட்டது அவள்தான். அக்காவின் சீப்பு ஏதாவது உன்னிடம் தங்கிவிட்டதா என்று கேட்டார். எதற்கென்றும் மறைக்காமல் சொன்னார்.

குணவதி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"தேடாதீங்கண்ணே. நீங்க அந்த வீடியோவப் பாக்குறத அக்கா படுக்கையிலேருந்தே பாத்துட்டாங்க. சீப்பு, தலகாணி எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துக் கொளுத்தச் சொன்னதே அவங்கதான். 'ஒருவாட்டி என்னைக் கேக்காமலே இவருக்குக் கட்டி வச்சிட்டாங்க குணா, ரெண்டாவது வாட்டியும் கேக்காம வேணாம்லா'ன்னாங்க."