மலைப்பாதை சைக்கிளைத் திரும்ப எடுத்துச் செல்லும்படி மைத்துனருக்கு ஒரு விண்ணப்பம்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா நலம். நானும் இடது முழங்கால், வலது முழங்கை, இரண்டு உள்ளங்கைகள் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் எதுவும் நீங்காமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். நீங்கள் அன்போடு கொண்டுவந்து கொடுத்த மலைப்பாதை சைக்கிளை வரும் ஞாயிறன்று வந்து எடுத்துச் சென்றுவிடுங்கள். அது உங்களுக்கே தேவைப்படுவதாக அக்காவிடம் நீங்களே சொல்லிவிட்டால் பெரிய உபகாரம். நான் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

முப்பத்துநாலு வருடம் எடை அளவை அலுவலகத்தில் ஊரார் தராசுகளைச் சோதித்தவன், ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று ஆசையாகச் செய்தது ஓட்டம் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது மூன்று மணி நாலு நிமிடம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டு விரிப்பைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தவர், "ஐயா, நாற்காலியெல்லாம் அடுக்கணும், கொஞ்சம் ஓரமா ஓடுங்க" என்றார். ஓரமாகத்தான் ஓடி முடித்தேன். அந்த நாலு நிமிடத்தை இந்த ஆண்டு எப்படியாவது குறைத்து, விரிப்பு விரித்திருக்கும்போதே அதன்மேல் கால் வைத்துவிட வேண்டும் என்பதை உங்களைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. ஓட்டத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.

இதற்கிடையில்தான் முழங்கால் வலி வந்தது. முடநீக்கு மருத்துவம் பார்க்கும் பெண் என் ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "வாரத்துல ஆறு நாள் ஓடினா முட்டி என்ன இரும்பா? சனி ஞாயிறு சைக்கிள் மிதிங்க. தொடைக்கும் நெஞ்சுக்கும் வேலை, முட்டிக்கு லீவு" என்றாள். சமதளச் சாலையில் சாதுவாக மிதித்திருப்பேன். அந்த வாரமே நீங்கள் எருமைக்கன்று போன்ற டயர்களோடு அந்த வாகனத்தை வாசலில் இறக்கினீர்கள். உங்கள் அக்காவோ, தன் பல் டாக்டரம்மா வாரக்கடைசியில் ஒரு கூட்டத்தைக் குன்றுப் பாதையில் சைக்கிளில் அழைத்துப் போவதாகக் கண்டுபிடித்து என் பெயரையும் கொடுத்துவிட்டாள். "வலிக்காம பல்லு புடுங்கறவங்க, உங்களையும் வலிக்காம கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். அந்தத் தர்க்கத்தை நான் அப்போதே நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை, மெத்தை தைத்த காற்சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு போனேன். விவரம் வேண்டாம். இரண்டாவது வாரம் பாதை முழுவதும் வேரும் கல்லுமாக இருந்ததால் மேட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் பள்ளத்தில் உருட்டிக்கொண்டும் வந்தேன். கூட்டத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், புல்டோசர் என்று கூப்பிடுகிறார்கள். அவர், "அண்ணே, சைக்கிளுக்கு நீங்க உடற்பயிற்சி குடுக்கறீங்களா, உங்களுக்கு அது குடுக்குதா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: மிதித்தது நாலு கிலோமீட்டர், தள்ளியது மூன்று, சுமந்தது ஒன்றரை, நானும் சைக்கிளும் தனித்தனியே சென்றது பதினோரு மீட்டர். அடுத்த இரண்டு வாரத்தில் ஏற்றம் ஒருவாறு வசப்பட்டது. இறக்கத்தில் மட்டும் யாரும் பார்க்காதபடி கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்துகொண்டிருந்தேன். சென்ற சனிக்கிழமை டாக்டரம்மா திரும்பிப் பார்த்துவிட்டார். "இன்னிக்கு உக்காந்துதான் இறங்கணும் சார்" என்றார். மறுக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்தேன்.

இங்கே என் பிழையை நானே ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது மூன்று அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விடுவது என் ஒன்பது வருடப் பழக்கம். சைக்கிளிலும் அதையே வைத்துக்கொண்டேன், மூன்று மிதிக்கு உள்ளே, இரண்டு மிதிக்கு வெளியே. ஏற்றத்தில் அருமையாக நடந்தது. இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. மிதிக்காததால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாம் மிதியில் உள்ளே போன மூச்சு, வெளியேற உத்தரவு வராமல் உள்ளேயே காத்து நின்றது. சைக்கிளோ காத்து நிற்கவில்லை. பின்னால் வந்த புல்டோசர், "அக்கா! அண்ணன் மூஞ்சி கத்திரிக்கா கலருக்கு மாறுது!" என்று டாக்டரம்மாவைப் பார்த்துக் கத்தினார். முன்னால் நின்றிருந்த அவர், "சார், வாயைத் திறங்க! நல்லா பெரிசா, ஆ!" என்றார். மைத்துனரே, நானும் அவரிடம் பல் பார்த்துக்கொள்கிறவன்தான். அந்தக் குரலில் அந்த வார்த்தை கேட்டதும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். கூடவே கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

முட்புதர் இடப்பக்கம் இருந்தது. அன்று மாலை உங்கள் அக்கா ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டே, "நிக்காம ஓடத் தெரியுது, சும்மா உக்காந்து வரத் தெரியலையா?" என்று கேட்டாள்.

இதையும் பொறுத்திருப்பேன். திங்கட்கிழமை வழக்கம்போல் ஓடப் போனால் கால் இரண்டும் யாரோ கழற்றிவிட்டு மாற்றி மாட்டியவை போல இருந்தன. மூன்றாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். ஒரு நாய்கூடத் துரத்தவில்லை, நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அது என் விஷயத்தில் இரண்டு காலும் சேற்றில். சைக்கிள்காரனும் ஆகவில்லை, இருந்த ஓட்டக்காரனும் போய்விட்டான். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் எதையெதை விட்டுவிட வேண்டும் என்று பட்டியல் போட்டேன். முதலில் சைக்கிள், அடுத்து ஓட்டம். மூன்றாவதாக எழுத ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஓட்டத்துக்குக் கொடுத்த பெயரையும் நாளை நீக்கச் சொல்லி எழுதிவிடப் போகிறேன். நீங்கள் சைக்கிளை மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளும் கெட்டியான முழங்கால்களும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: இதை நேற்றுக் காலை தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். தெருமுனை வரைதானே, சாலையிடம் விடைபெற்றுக்கொள்வோம் என்று மெல்ல ஓடினேன். தண்ணீர்த்தொட்டி மேட்டில் நான் எப்போதும் நடப்பவன். இது நடக்க வேண்டிய இடம் என்று கால்களுக்கு நினைவு வருவதற்குள் மேடு முடிந்துவிட்டது. எத்தனை தபால்பெட்டிகளைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது பதினெட்டு கிலோமீட்டர், இரண்டு மணி இருபத்தாறு நிமிடம். முழங்கால் வாயே திறக்கவில்லை. கைக்கடிகாரத்தில் கோளாறோ என்று எங்கள் சுவர்க்கடிகாரத்தோடும் அடுத்த வீட்டுக் கடிகாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கின்றன. இதே வேகத்தில் போனால் விரிப்பைச் சுருட்டப் பத்து நிமிடம் இருக்கும்போதே நான் அதன்மேல் நிற்பேன்.

ஆகவே ஞாயிறன்று வர வேண்டாம், நான் குன்றில் இருப்பேன். சட்டைப்பையில் இருந்த கடிதம் வியர்வையில் கரைந்துவிட்டதால் மேலே கண்டதை முழுவதும் புதிதாகப் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். கிழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். திங்கட்கிழமை மறுபடியும் தேவைப்படலாம். அப்போது ஓர் அஞ்சலட்டையில் தேதியை மட்டும் எழுதி அனுப்புகிறேன்.