ம்ம், சொல்லுங்க

மனநல ஆலோசகர் பயிற்சியில் இருப்பவர் என்று ஒரு ஜீவராசி உண்டு. பயிற்சி முடித்த ஆலோசகரைச் சொல்லவில்லை. அவர் பாவம், தன் வேலையைப் பார்க்கிறவர். நான் சொல்வது அந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் சேர்ந்து மூன்று வாரம் ஆனவரை. அவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் வாயைத் திறந்ததுமே நாற்காலியை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போடுவார், கட்டியிருந்த கையை அவிழ்த்து முழங்காலில் வைப்பார், முன்னால் சாய்வார், தலையை ஒரு பக்கமாகச் சரிப்பார், கண்ணை உங்கள் கண்ணில் நட்டுவிட்டு, "ம்ம், சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

தொண்ணூற்றிரண்டில் இராஜபாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியில் இந்தப் பயிற்சி நடந்தது. நானும் போனேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பாதியில் நின்றுவிட்டேன். அங்கே சொல்லிக் கொடுத்தது நல்ல விஷயம்தான். எதிராளி சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள், புத்திமதி சொல்லாதீர்கள், மௌனம் வந்தால் உடைக்காதீர்கள், ஆமா இல்லை என்று பதில் வருகிற கேள்வியை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். இதையெல்லாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்திருந்தால் ஊருக்கு ஒரு கெடுதியும் இல்லை. விட்டார்களா?

ஹமீது விடவில்லை. அரிசிக் கடை சேக் முகைதீனின் மகன், எங்கள் வகுப்பின் நட்சத்திரம். ஒரு நாள் அவன் அத்தா கடையில் நின்று கத்துகிறார்.

"ஏலே, அந்தப் பொன்னி மூட்டைய எங்கலே வச்ச?"

"மூட்டை எங்கன்னு தெரியாம உங்களுக்குத் தவிப்பா இருக்கு அத்தா."

"தவிப்பு இல்லலே. யாவாரத்துக்கு ஆள் நிக்குது."

நின்ற ஆள் தேவதானத்து ராக்கப்பன். "எம்புட்டு வெல சொல்லுதீக" என்று அவர் அலுத்துக்கொண்டதுதான் தாமதம், ஹமீது சாய்ந்துவிட்டான். "வெலையக் கேட்டதும் மனசு பாரமாயிருச்சு உங்களுக்கு." பிறந்ததிலிருந்து எந்தக் கடைக்காரனும் ராக்கப்பனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனிதர் கரைந்துபோனார். கிணற்று மோட்டார் எரிந்தது, மச்சினன் பேச்சை நிறுத்தியது, சம்சாரத்தின் முழங்கால் வலி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மூக்கைச் சிந்தி, ரொம்ப லேசாக இருக்கிறது என்று ஹமீதின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, அரிசி வாங்காமலே போய்விட்டார்.

ஹமீதுக்குச் சரியான ஜோடி ஒன்று அதே வகுப்பில் இருந்தது. நூர்னிசா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். "ஏட்டி, பாத்திரத்தைக் கழுவு" என்று அவள் அம்மா சொன்னால், "பாத்திரம் கெடக்குறது உங்களுக்கு உறுத்தலா இருக்கும்மா" என்று பதில் சொல்லுமளவுக்குத் தேறியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. வகுப்பு முழுவதற்கும் தெரியும், மாடிப்படி கூட்டும் வெள்ளைத்தாய்க்குத் தெரியும். அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்கு முதலில் ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? இருவரும் கேட்பவர்கள். யார் சொல்வது?

அப்போதுதான் தளவாய்புரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை நூர்னிசாவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஹமீது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு, தளவாய்புரத்தாரை முந்திக்கொண்டு தன் அம்மாவைப் பெண் கேட்க அனுப்ப வேண்டும். சம்மதமா என்பது என்ன கேள்வி? ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வி.

சனிக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் நைனா முகமதுவின் டீக்கடை. ஒரு பெஞ்சில் அவர்கள், அடுத்த பெஞ்சில் நான். ஒட்டுக் கேட்கவில்லை, காது இருந்தது, கேட்டது.

"ஒரு மாதிரி படபடப்பா இருக்கு" என்று ஆரம்பித்தான் ஹமீது.

"படபடப்பா இருக்கு உங்களுக்கு" என்றாள் நூர்னிசா.

"ஆமா."

மௌனம். அதை அவனும் உடைக்கவில்லை, அவளும் உடைக்கவில்லை. இருவருமே நல்ல மாணவர்கள். டீயில் ஆடை கட்டியது. நைனா முகமது எட்டிப் பார்த்து, "ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரவா?" என்று கேட்டார். இத்தனை பச்சையாக ஒரு கேள்வியைக் கேட்கிறாரே என்று இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"நாளைக்குத் தளவாய்புரத்துல இருந்து வாராக" என்றாள் அவள்.

"வாராக."

"ஜவுளிக் கடையாம்."

"ஜவுளிக் கடை... அது உங்களுக்கு எப்படி இருக்கு?"

நூர்னிசாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஹமீதின் சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை மடித்து இருந்தது. கை அதுவரை போயிற்று. அழுகிறவரிடம் கைக்குட்டையை நீட்டினால் அழுகையை நிறுத்தச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது பயிற்சியின் நாலாவது நாள் பாடம். கையை இறக்கிக்கொண்டான். இப்போது அவன் கண்ணிலும் நீர். எனக்கு எழுந்து போய் இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்ட வேண்டும் போல இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. நூர்னிசா ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கீழே நின்றவனைப் பார்த்தாள். படித்த பாடம் அத்தனையையும் பஸ் ஸ்டாண்டிலேயே உதறிவிட்டுக் கேட்டாள்.

"உங்க அம்மாவ எங்க வீட்டுக்குப் பேச அனுப்புவீகளா, மாட்டீகளா?"

ஹமீதின் தலை தானாக ஒரு பக்கம் சரிந்தது.

"அனுப்புவேனா மாட்டேனான்னு உங்களுக்கு ஒரு..."

"தம்பி" என்றார் படியில் நின்ற கண்டக்டர் சங்கிலிப்பாண்டி, விசிலை வாயிலிருந்து எடுத்து. "அந்தப் பிள்ள கேக்குதுல்ல. அனுப்புவியா மாட்டியா? வண்டிக்கு டயமாச்சு."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.  கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. அப்போதுதான் ஹமீதுக்கு உயிர் வந்தது. செருப்பு ஒன்று கழன்று விழ, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான்.

"அனுப்புதேன். இன்னைக்கே அனுப்புதேன்."

நூர்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கே அனுப்புதீக" என்றாள். பழக்கம் எங்கே போகும்?

அவன் வீட்டுக்கு ஓடினான். அவன் அம்மா ஜரீனா அடுப்படியில் இருந்தார். மூச்சு வாங்க நின்று, "அம்மா, நூர்னிசா வீட்டுக்கு இப்பமே போயி நீங்க பொண்ணு கேக்கணும்" என்றான்.

பயிற்சிக்குப் போகிற மகனோடு மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தவர் அல்லவா. கரண்டியைக் கீழே வைத்தார், தலையைச் சாய்த்தார்.

"இப்பமே போயிக் கேக்கணும்னு உனக்குத் தோணுது. ம்ம், சொல்லு."

ஹமீது தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தம்மாவோ சிரித்துக்கொண்டே கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். வர வேண்டாம் என்று தளவாய்புரத்தாருக்கு ராத்திரியே தகவல் போய்விட்டது. கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று நிக்காஹ் நடத்திய ஹஜ்ரத் கேட்டபோது, பந்தலில் இருந்த எங்கள் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லையே என்று நிம்மதி வேறு. நல்லது. இதைப் படிக்க உட்காரும் முன் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஒன்று கேட்டாரே, ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இன்னும் அந்த வாசற்படியிலேயே நிற்கிறாரே, அவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ம்ம்" தானே?